இருபத்தொரு பல்

குற்றவாளியின் நீளம் ஒரு மில்லிமீட்டர். நிறம் வெளிர் மஞ்சள். கால் ஆறு, சிறகு கிடையாது. வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். தூக்கிய வாலின் நுனியில் தன் கழிவையே ஒரு சொட்டாக ஏந்திக்கொண்டு, ஏதோ பெரிய விருது வாங்கி வருவதுபோல இலை முழுக்கச் சுற்றிவரும். இலைப்பேன் குஞ்சு என்பார்கள். நாற்றுக்காரம்மாவின் நாலாயிரம் குடைமிளகாய் நாற்றுகளில் ஒன்றே ஒன்றின் இலைக்கடியில் அது ஒண்டியிருந்தது. சோதனைச் சாவடிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அன்று காலை அவருக்கு வேறு வேலை இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"இறங்குங்கம்மா. வண்டியில உயிரினம் இருக்கு."

"நாலாயிரம் இருக்கு சார். எல்லாம் செடி" என்றான் வண்டியோட்டி வந்த அவள் தம்பி. அவனை எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதாகியும் மெதுவாகப் பேசப் பழகவில்லை.

நாற்றுகளுக்கு அன்று முப்பது நாள் வயது. குழித்தட்டில் வளர்ந்த நாற்று அது. இன்னும் பத்து நாளுக்குள் மண்ணில் வைத்தாக வேண்டும். தாண்டினால் வேர் குழிக்குள்ளேயே சுருண்டு, செடி கூனிப்போய், பிறகு எந்த மண்ணில் வைத்தாலும் நிமிராது. ஆற்றுக்கு அக்கரையில் தோட்டக்காரர்கள் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள்.

நாற்றுக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். "இது சாதா பூப்பேன் குஞ்சு சார். ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் பண்ணாது. கெட்ட பேன் வேற, அதுதான் நோயைக் கொண்டுவரும். ரெண்டு கை சோப்புத் தண்ணி அடிச்சா இது ஓடியே போயிடும்."

"சோப்புத் தண்ணியா?" சாவடிக்காரர் முகம் வெளிறியது. "அது சாட்சியத்தை அழிக்கிறதும்மா!"

கெட்ட இனம் என்றால் நாற்று முழுவதையும் கொளுத்த வேண்டும். சாதா இனம் என்றால் விட்டுவிடலாம். எந்த இனம் என்று சொல்ல உலகத்திலேயே ஒரே ஓர் இடத்துக்குத்தான் அதிகாரம் இருந்தது. சாவடிக்குப் பின்னால், மூன்று மாடி, முன்னால் ரோஜாத் தோட்டம், 'இலைப்பேன் இளம்பருவ உடலடையாள உறுதிப்பாட்டு நிலையம்.' பெயர்ப்பலகை நீளமாகிவிட்டதால் கட்டடத்தின் மூலையில் மடக்கி, பக்கச் சுவரிலும் கொஞ்சம் எழுதியிருந்தார்கள்.

குஞ்சு இருந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, நாற்றுத் தட்டுகளைக் கொட்டகையில் அடுக்கி, கதவுக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டாயிற்று. தண்ணீர் மட்டும் சன்னல் வலை வழியாகக் குழாய் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே வேறு குஞ்சு இருந்தால் ஒரு சொட்டும் அதன் மேல் படக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நிலையத்தின் இயக்குநர் அவளை உட்காரச் சொல்லவில்லை. அதற்கு நாற்காலியும் இல்லை. அறையில் இருந்த ஐந்து நாற்காலிகளிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

"ஐயா, ஒரு வாரம் விட்டா அதுவே சிறகு முளைச்சுப் பெருசாயிடும். பெருசானதும் பார்த்தா எந்தப் பேன்னு பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும்."

இயக்குநர் பரிவோடு சிரித்தார். "அங்கதாம்மா நீங்க தப்பு பண்றீங்க. பச்சைக் குழந்தை சொல்லிடுற விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு? குஞ்சாப் பார்த்துச் சொல்றதுதான் கஷ்டம். அதனாலதான் நாங்க குஞ்சை எடுத்துக்கிட்டோம். சிறகு முளைச்சது எங்க அதிகாரத்துல வராது. அதுக்கு வேற அலுவலகம்."

"அப்ப நான் அங்கயே போயிக்கிறேனே?"

"அதை மூடிப் பதினாலு வருஷமாச்சு. வேலை சீக்கிரம் முடிஞ்சிடுதுன்னு மூடிட்டாங்க."

உடலடையாளம் என்பது இரண்டு. ஒன்று நிறம், மற்றது பல். இரண்டுக்கும் இரண்டு பிரிவு. இரண்டு பிரிவின் தலைமைகளும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சன்னலோர நாற்காலி ஒன்று யாருக்கு என்பதில் வந்த மனத்தாங்கல்.

நிறப் பிரிவின் தலைவியை அலுவலகமே மஞ்சளம்மா என்று அழைத்தது. சுவரில் நாற்பத்திரண்டு மஞ்சள் கட்டங்கள் கொண்ட அட்டை தொங்கியது. காலை பத்து மணி முதல் பத்து நாற்பது வரை வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் மட்டுமே அவர் குஞ்சைப் பார்ப்பார். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் அவருக்குத் தலைவலி. மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று இருந்தது, குஞ்சு இலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதைத் திருப்பிவிடலாமா என்று நாற்றுக்காரம்மா கை நீட்டினாள்.

"தொடாதீங்க! தானா வரணும். வற்புறுத்தி வாங்குன நிறம் செல்லாது."

நான்காம் நாள் தானாக வந்தது. மஞ்சளம்மா பூதக்கண்ணாடி வழியாக முப்பத்தைந்து நிமிடம் மூச்சடக்கிப் பார்த்தார். குஞ்சும் வாலைத் தூக்கி, சொட்டை ஏந்தி, முப்பத்தைந்து நிமிடம் அவரையே பார்த்தது. "பதினேழாம் மஞ்சள்" என்றார் கடைசியில், குரல் கரகரத்து. சுற்றி நின்ற ஊழியர்கள் கை தட்டினார்கள்.

"பதினேழாம் மஞ்சள்னா எந்த இனம்மா?" என்று கேட்டாள் நாற்றுக்காரம்மா.

"எல்லா இனமும் பதினேழுதாம்மா. ஆனா பார்க்காம எப்படிச் சொல்றது?"

அடுத்தது பல் பிரிவு. அங்கிருந்தவர் மெலிந்த, கண்ணியமான மனிதர். பல்லுக்காரர் என்று பெயர். குஞ்சைக் காரக் கரைசலில் போட்டு வேகவைத்தார். அதன் குடல், கொழுப்பு, அது காலையில் உறிஞ்சிய இலைச்சாறு எல்லாம் கரைந்து, பழுத்த கொப்புளம் உடைந்ததுபோல வெளியே வந்து மிதந்தன. கடைசியில் கண்ணாடிச் சட்டைபோல வெறும் தோல் மட்டும் மிஞ்சியது.

"இப்பதாம்மா இது அழகா இருக்கு" என்றார் பல்லுக்காரர். "உள்ள ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் விதிப்படி பார்க்க முடியும்."

"பல்லு வாயிலதானே சார் இருக்கும்?" என்றான் ஹாரன்.

"இல்லப்பா. பின்னாடி. ஒன்பதாம் வளையத்தோட விளிம்புல சீப்பு மாதிரி வரிசையா இருக்கும். கெட்ட இனத்துக்குப் பதினஞ்சு பல், சாதா இனத்துக்குப் பத்தொம்பது."

"பின்பக்கத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறதா?" ஹாரன் அக்காவின் காதில் கிசுகிசுத்தான். அவன் கிசுகிசு மாடி வரை கேட்டது. "அக்கா, நாம இங்க மூஞ்சியைக் காட்டுனது வீண்."

பல்லுக்காரர் எண்ணத் தொடங்கும் முன்பே மேசைக்கு ஒரு குறிப்பு வந்து சேர்ந்தது. நிலைய விதி ஒன்பதின்படி நிறமும் பல்லும் ஒரே குஞ்சினுடையதாக இருக்க வேண்டும். அதை இரு பிரிவும் உறுதி செய்ய வேண்டும். வெந்த தோலை மஞ்சளம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவர் பார்த்த பார்வையில் ஸ்லைடுக் கண்ணாடி விரிசல் விட்டிருக்க வேண்டும்.

"இதுல நிறமே இல்லையே! என் பதினேழு எங்க?"

"வேகவைச்சா நிறம் போகும்னு அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார் பல்லுக்காரர், எதிரே நின்ற மஞ்சளம்மாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

"உயிரோட எண்ணச் சொல்லுங்க அவரை!"

"உயிரோட இருந்தா பல் தெரியாதுன்னு சொல்லுங்க!"

நடுவில் நின்ற ஊழியர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருப்பிச் சொல்லி நாக்குத் தள்ளிப்போனார். நாற்றுக்கு அன்று முப்பத்தாறு நாள் வயது. அக்கரையிலிருந்து தொலைபேசி வந்தது. "என்னம்மா, பாத்தி காயுதே?" "நாளைக்கு வந்திருவோம்ணே" என்றாள் நாற்றுக்காரம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது.

குழு கூடியது. ஒரே குஞ்சு உயிரோடும் உயிரில்லாமலும் இருக்க முடியாது என்பதை ஐந்தில் நான்கு வாக்குகளால் ஒத்துக்கொண்டார்கள். எதிர்த்து வாக்களித்தவர், இப்படி எழுத்தில் ஒத்துக்கொண்டால் பழைய கோப்புகள் என்னாவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே உடன்பிறப்பு முறை வந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்றுக்கு நிறம், ஒன்றுக்குப் பல். ஆனால் இரண்டும் உடன்பிறப்பு என்பதற்கு என்ன ஆதாரம்? கண்ணெதிரே பிறந்தால்தான் உண்டு. கொட்டகையில் தேடியதில் இன்னொரு குஞ்சு அகப்பட்டது. அது வளர்ந்து முட்டையிட வசதியாக நாற்றுக்காரம்மாவின் கொட்டகையே வளர்ப்பு அறை என்று அறிவிக்கப்பட்டது. கதவில் 'அமைதி' என்று பலகை மாட்டினார்கள்.

அடுத்த பதினைந்து நாளில் அரசு மரியாதையோடு இலைப்பேன் பெருகியது. ஒன்று நாற்பதானது. நாற்பது எத்தனை ஆனது என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு என்று தனிப் பிரிவு இல்லை. நாற்றுக்காரம்மா தினமும் வலைச் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். இலைகள் முதலில் வெள்ளி பூசியதுபோல மின்னின. பிறகு கோப்பைபோல மேலே சுருண்டன. இலை நரம்பெங்கும் கரும்புள்ளிகள், பேன்கள் தின்று கழித்த கணக்கு. உற்றுப் பார்த்தால் இலையே மெல்ல நடப்பதுபோல இருந்தது. அவள் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தண்ணீரை நேராக அடித்தால் பாதிப் பேன் செத்துவிடும். பின்னால் காவலாளி நின்றான்.

"அக்கா, நான் ஹாரன் அடிச்சு அந்தாளை அந்தப் பக்கம் கூப்பிடுறேன். நீ ஒரே அடியா அடிச்சுவிடு."

"வேணாம்டா. நாம கையை வெச்சா எல்லாத்தையும் கொளுத்திருவாங்க. இன்னும் நடுக்குருத்து பச்சையாத்தான் இருக்கு. பொறுப்போம்."

உடன்பிறப்புகள் பிறந்தன. மூத்தவன் பதினேழாம் மஞ்சள் என்று உறுதியானது. இளையவன் வெந்தான். பல்லுக்காரர் ஒரு பகல் முழுக்க எண்ணினார். வெளியே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"இருபத்தொண்ணு."

கையேட்டில் பதினைந்து உண்டு, பத்தொன்பது உண்டு. இருபத்தொன்று கிடையாது. இயக்குநர் மெல்ல எழுந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "புது இனம்" என்றார். "இதுக்கு என் பேரை வைக்கணும்னு நீங்க எல்லாரும் சொல்லுவீங்க. நான் எவ்வளவு மறுத்தாலும் விட மாட்டீங்க." யாரும் எதுவும் சொல்லவில்லை. "சரி, உங்க பிடிவாதம்" என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப என் நாத்து?" என்றாள் நாற்றுக்காரம்மா.

"கொளுத்துற பட்டியல்லயும் இது இல்ல, விடுற பட்டியல்லயும் இல்ல. கவலையே படாதீங்க. உலகத்துலயே இந்த இனம் வாழுற ஒரே இடம் உங்க நாத்துதாம்மா. உங்களை மாதிரி கொடுத்து வெச்சவங்க யாரு?"

அன்று மாலை அவள் பல் பிரிவுக்குள் போய் நின்றாள். "நான் ஒரு தடவை பார்க்கலாமா ஐயா? என் நாத்தைத் தின்னுறவன் பல்லை நானும் பார்த்துக்கிறேன்."

பல்லுக்காரருக்கு மனம் இளகியது. நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார். அவள் குனிந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் வளைந்த விளிம்பு, அதில் நெருக்கமாக முளைத்த முட்கள். எண்ணினாள். இருபத்தொன்று. சரிதான். ஒரு கண்ணால் பார்த்துப் பழக்கமில்லாததால் கண்ணில் நீர் கோத்தது. வசதிக்காகக் கண் வைக்கும் குழாயைப் பிடித்துக் கொஞ்சம் திருகினாள்.

இரண்டு பல் நகர்ந்தன.

மறுபடி திருகினாள். பத்தொன்பது பல்லும் அசையாமல் நின்றன. இரண்டு மட்டும் வரிசையை விட்டுக் கிளம்பிக் குஞ்சின் முதுகைத் தாண்டி, வெறும் வெளிச்சத்தில் போய் நின்றன.

"ஐயா, ரெண்டு பல்லு நடக்குது."

பல்லுக்காரர் பார்த்தார். திருகினார். மறுபடி திருகினார். லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார். அதில் மயிரிழைபோல இரண்டு கீறல்கள் இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷமாம்மா" என்றார். "பதினோரு வருஷமா இதுலதான் எண்றேன்."

"எல்லாத்துக்கும் ரெண்டு கூடவா?"

"கெட்டதுக்குப் பதினேழு வந்திருக்கும். கையேட்டுல பதினேழு இல்ல. எது பக்கம்னு பார்த்து, நல்ல மனசோட பத்தொம்பதுன்னு போட்டு விட்டிருப்பேன். சாதாவுக்கு இருபத்தொண்ணு வந்தா..." நிறுத்திக்கொண்டார். "அன்னைக்கு மனசு எப்படி இருந்ததோ அப்படி."

விஷயம் இயக்குநருக்குப் போனது. குழு மறுபடி கூடியது. இம்முறை நாற்றுக்காரம்மாவையும் உள்ளே நிற்க வைத்துக்கொண்டார்கள், வெளியே விட்டால் பேசிவிடுவாள் என்று.

இயக்குநர் உணர்ச்சியோடு பேசினார். "நண்பர்களே, ஒரு சின்னக் கீறல். அதுக்காக லென்ஸை மாத்தலாம்னு சிலர் சொல்றீங்க. மாத்தினா என்னாகும்? நாளைக்கு எண்றதுக்கும் நேத்து எண்ணினதுக்கும் ஒத்துவராது. ஜனங்க எதை நம்புவாங்க? நாம சரியா இருக்கணும்னு அவசியமில்ல, ஒரே மாதிரி இருக்கணும். நமக்கு முன்னால இருந்தவங்க நம்மகிட்ட ஒப்படைச்சது அறிவு இல்ல, கையேடு. என் பேர் வைக்கிறதைக்கூட நான் விட்டுக்கொடுக்கிறேன். இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?"

தீர்மானம் நிறைவேறியது. ஒன்று, இனி எல்லா இனத்துக்கும் கையேட்டில் இரண்டு பல் கூட்டி அச்சிடப்படும். இரண்டு, மற்ற ஆறு நுண்ணோக்கிகளிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இரண்டு கீறல்கள் போடப்படும். கீறல் போட வெளியூரிலிருந்து ஒரு வல்லுநரை வரவழைத்தார்கள். அவர் முதல் லென்ஸில் கைதவறி மூன்று கீறல் போட்டுவிட, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாமா என்று அரை நாள் விவாதம் நடந்தது. ஒருவழியாகப் புதிய பதிப்பு அச்சாகி வந்தது. சாதா இனம், பல் இருபத்தொன்று. விடுவிக்கலாம்.

முதல் நாள் அவள் இரண்டு மூச்சில் சொன்னதைத்தான் நிலையம் முத்திரையோடு சொன்னது. அதற்கு முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

கொட்டகைச் சீலை உடைத்தார்கள். கதவு திறந்ததும் புகைபோல ஒன்று எழும்பி, எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்து, இயக்குநரின் ரோஜாத் தோட்டத்துப் பக்கம் போய் இறங்கியது. சிறகு முளைத்தவை. ஆகவே யாரும் அதைப் பார்க்கவில்லை.

உள்ளே நாலாயிரம் குச்சிகள் நின்றன. நாற்றுக்காரம்மா ஒவ்வொரு தட்டாகப் போய்க் குருத்தைக் கிள்ளிப் பார்த்தாள். காய்ந்த சத்தம் கேட்டது. அடுத்த தட்டு. அடுத்தது. கடைசித் தட்டு வரை போனாள். ஒரு நாற்றை வேரோடு இழுத்தாள். குழிக்குள் சுருண்டு சுருண்டு, வெளியேற இடம் தேடித் தேடி, குழியின் வடிவத்திலேயே வேர் இறுகிக் கறுத்திருந்தது. வாயில் கசப்பு ஊறியது.

"வா, போயிடலாம்க்கா" என்றான் ஹாரன். அவன் மெதுவாகப் பேசி அன்றுதான் அவள் கேட்டாள்.

முன்கூடத்தில் எழுத்தர் படிவத்தை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்தும்மா. 'நாலாயிரம் நாற்றுகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'"

"எல்லாம் செத்த நாத்து சார்."

"எண்ணிக்கை சரியா இருக்கில்ல?"

"உயிர் இல்லன்னு எழுதிக்கட்டுமா?"

எழுத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், பாவம். "நிறம் இருக்கு, பல் இருக்கு, எண்ணிக்கை இருக்கு. உயிருக்குன்னு இதுல இடம் விடலையேம்மா."

இயக்குநரும், மஞ்சளம்மாவும், பல்லுக்காரரும் வழியனுப்ப வந்து வரிசையாக நின்றார்கள். "நன்றி சொல்லணும்னு நினைச்சீங்கன்னா தயங்காமச் சொல்லுங்க" என்றார் இயக்குநர். "நாங்க கடமையைத்தான் செஞ்சோம். ஆனா அதைக் கேக்க எங்களுக்கும் பிடிக்கும்."

நாற்றுக்காரம்மா பேனாவை வாங்கினாள். கீழே வைத்தாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் யார் வாசலிலும் செய்யாத ஒரு காரியத்தை, அடிவயிற்றிலிருந்து காறி, குறி தவறாமல், கையெழுத்துப் போடும் கோட்டின் மேலேயே செய்தாள். தம்பியின் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

எழுத்தர் படிவத்தை ஓரம் பிடித்துத் தூக்கி, சாய்ந்துவிடாமல் நேராக வைத்துக்கொண்டு தவித்தார். "ஐயா, கையெழுத்து போடலையே. இதை என்னன்னு சேர்த்துக்கிறது?"

இயக்குநர் குனிந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"அவங்களோடதுதானே? வேற யாரோடதும் இல்லையே? உடலடையாளம்யா இது. கையெழுத்தைவிட உசத்தி. முத்திரை போடு."

முத்திரை விழுந்தது. எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தெறித்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.